ஹெலனுக்குக் குரல் கொடுத்தவள்

சாலிகிராமம், சென்னை
4 ஜூன் 2023

அன்பு அண்ணாவுக்கு ஃபீபி எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையில் நானும் ஜாஸ்மினும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்குச் சர்க்கரை இறங்கியதா?

மூன்று வாரமாக நீ ஃபோன் போட்டும் நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பெற்ற மகள் ஜாஸ்மினுக்காக ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன். அவள் நர்சிங் முடித்து வேலைக்குப் போகும் வரை யாரோடும் பேசுவதில்லை என்று. வீட்டில் சைகையும் சிலேட்டும்தான். நாம் வளர்ந்த வீட்டில் பொருத்தனைக்குக் காரணம் கேட்கக் கூடாது என்பது உனக்கே தெரியும். நீயும் கேட்காதே, ஜாஸ்மினையும் கேட்டுத் தொல்லை செய்யாதே. உன் பட்டன் ஃபோனில் மெசேஜ் படிக்க உனக்கு வராது. அதனால் இனிமேல் நமக்குக் கடிதம்தான்.

வருகிற ஞாயிறு "சாகாத ஊர்" பதினோராவது சீசன் ஆரம்பிக்கிறது. இதுதான் கடைசி சீசனாம். தீபாவளியோடு முடியும். பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. எனக்காக நல்லதாகச் சொல்ல வேண்டாம்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்.

உன் தங்கை,
ஃபீபி


ஆம்பூர்
14 ஜூன் 2023

ஊமைச்சி ஃபீபிக்கு வாயாடி அண்ணன் எலியாஸ் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் என்னைவிட நன்றாக இருக்கிறது, அது தனியாகச் சத்தம் போட்டுக்கொண்டு முன்னால் போகிறது. உன் அண்ணிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, கோபம்தான் ஏறிவிட்டது.

உன் கடிதத்தை ஜெயபுஷ்பம் சத்தமாகப் படித்தாள். "பேசாம இருக்கறதுக்கு ஒரு பொருத்தனையா? இதை உங்க அண்ணன் பண்ணியிருந்தா நான் தனியா ஒரு ஸ்தோத்திரக் கூட்டமே வச்சிருப்பேன்" என்றாள். காரணம் கேட்கவில்லை. கேட்டால் செத்துப்போன அப்பா எழுந்து வந்து அடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சீரியலைப் பார்த்தேன். ஏம்மா, பத்து சீசனாக அந்த வெள்ளைக்காரி ஹெலன் வாயைத் திறந்தால் வந்தது உன் குரல். பொணங்கள் ஊரை வளைத்துக்கொண்டு வரும், ஜனங்கள் பயந்து நிற்கும், அவள் கோடாலியைத் தூக்கிக்கொண்டு "திரும்பிப் பார்க்காதீங்க, நடங்க!" என்பாள். அதைக் கேட்டால் சோபாவில் உட்கார்ந்திருக்கிற எனக்கே எழுந்து நடக்கத் தோன்றும். எங்கள் ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து மணி அடித்தால் எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கேட்டைத் தாண்டுவோம். கூட வேலை செய்கிறவர்கள் என்னை எலியாஸ் என்று கூப்பிடுவதில்லை, "ஹெலனோட அண்ணன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த சீசனில் அவள் வாயைத் திறந்தாள். தகர டப்பாவில் ஜல்லி போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். தூக்கிவாரிப் போட்டது. பொணம்தான் பேசுகிறதோ என்று டிவி கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். பிறகு புரிந்துவிட்டது. நீ வாயை மூடிக்கொண்டாய், அவர்கள் எவளையோ பிடித்துப் போட்டுவிட்டார்கள். உன் அண்ணன் ஆறாவது ஃபெயில் ஆனாலும் காது பாஸ் ஆன காது.

அந்தப் பொம்பளை யாரம்மா? காக்கா வளர்க்கிறவளா?

அன்புடன்,
எலியாஸ்


சாலிகிராமம்
2 ஜூலை 2023

அன்பு அண்ணாவுக்கு,

இங்கே சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை.

குரலை விடு. கதை எப்படி இருக்கிறது? உங்கள் கம்பெனியில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? நீ மட்டும்தான் அந்தக் குரலைப் பற்றி அப்படி நினைக்கிறாயா, எல்லாருமா? ஒளிக்காமல் எழுது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஃபீபி


ஆம்பூர்
11 ஜூலை 2023

பேசா மடந்தை ஃபீபிக்கு, அண்ணன்.

சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதிவிட்டேன், அடுத்த இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து.

கம்பெனியில் என்ன சொல்கிறார்களா? சண்டை நடக்கிறது. கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்னால் வாயைத் திறக்கிறார்கள். நசீர் அகமது இருக்கிறானே, கட்டிங் செக்‌ஷன், அவன் ஒரு கட்சி: சீரியல் இன்னும் சூப்பர், குறை சொல்கிறவனுக்கு ரசனை கம்மி. இன்னொரு கட்சி, ஐந்தாவது சீசனில் ஹெலன் புருஷனைக் கொன்றார்களே, அன்றைக்கே கதையும் செத்துவிட்டது, இத்தனை வருஷமாக நடமாடுவது அதன் பொணம் என்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது. சீசனுக்கு ஒரு சுவர் கட்டுகிறார்கள், சீசனுக்கு ஒரு வில்லன் வந்து இடிக்கிறான். பொணங்களுக்கே அலுத்துவிட்டது, முன்னே மாதிரி ஓடுவதில்லை, பென்ஷன் வாங்கப் போகிறவர்கள் மாதிரி நடக்கின்றன. நம் ஊர் தோல் பதனிடுகிற ஷாப் பக்கம் ஒரு நாள் கொண்டுவந்து விட்டால் அந்த நாற்றத்துக்கு உசிர் வந்து ஓடும்.

என் கட்சி தனி. கதை எவ்வளவு இளைத்தாலும் குரல் இருந்தால் பார்க்கலாம், குரலும் போனால் போச்சு. இந்தக் கட்சியில்தான் ஜனம் ஜாஸ்தி.

எதிர்க்கட்சி ஒரே ஆள். தையல் லைனில் சுகரா பேகம். அந்தம்மா சொல்கிறது, "எலியாஸு, பத்து வருஷம் பொணத்து நடுவுல நின்னு கத்தினவ தொண்டை வேற எப்படிய்யா இருக்கும்? இப்பதான் அவ நெசமா பேசறா. முன்னெல்லாம் அழகா பேசினா, அவ்ளோதான்." கேட்டாயா? உன்னை அழகாகப் பேசினவள் என்று ஒதுக்கிவிட்டது. எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, அந்தக் குரலிலேயே "திரும்பிப் பார்க்காதீங்க, நடங்க!" என்று பண்ணிக் காட்டினேன். கேன்டீனே விழுந்து விழுந்து சிரித்தது. சாம்பார் ஊற்றுகிறவன் கரண்டியைப் போட்டுவிட்டான். சுகரா பேகம் மட்டும் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "போய்யா, பேஜார் புடிச்ச மனுஷா" என்றது.

இப்போது தினமும் கேட்கிறார்கள். தினமும் பண்ணுகிறேன்.

எலியாஸ்


சாலிகிராமம்
5 ஆகஸ்ட் 2023

அன்பு அண்ணாவுக்கு,

சுகம். அண்ணியின் மாத்திரை மாற்றியதாக ஜாஸ்மின் சொன்னாள். கவனமாகப் பார்த்துக்கொள்.

சுகரா பேகம் சொன்னதைப் பலமுறை படித்தேன். அவர்களிடம் என் வந்தனத்தைச் சொல்.

அந்தக் குரல் கொடுக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு அவளைத் தெரியும். தொண்டையில் கட்டி போல ஒன்று வந்து, இரண்டு முறை சுரண்டி எடுத்திருக்கிறார்கள். வாரம் முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் சனிக்கிழமை ஒரு மணி நேரம் குரல் வரும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். அவளுக்கும் ஒரு மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அதற்காக மட்டும் அவள் போகவில்லை. ஹெலனைக் கடைசி எபிசோட் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஹெலன் எப்படிச் சாகிறாள் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் காட்சியைத் தானே பேச வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

இன்னும் மூன்று மாதம். அதுவரை அவளை விட்டுவிடு அண்ணா. கேன்டீனில் நீ பண்ணுவதையும் நிறுத்து. உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஃபீபி


ஆம்பூர்
16 ஆகஸ்ட் 2023

இரக்கத்தின் தேவதை ஃபீபி அவர்களுக்கு,

எல்லாரும் சுகம். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள், உன் அண்ணி எனக்கு வந்ததையும் சேர்த்துத் தின்றுவிட்டுச் சர்க்கரை ஏறிவிட்டது என்று என்னைத் திட்டுகிறாள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். வாரம் முழுவதும் பேசாத பொம்பளையா? அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று முன்னமே சொல்லியிருந்தால் ஜெயபுஷ்பத்தைக் கட்டியிருக்கவே மாட்டேனே! உனக்கு எப்பவும் இரக்கம் ஜாஸ்தி. சின்ன வயசில் கசாப்புக் கடை ஆட்டுக்குப் பேர் வைத்து அழுதவள்தானே நீ. உன் இடத்தைப் பிடித்துக்கொண்டவளுக்காக நீயே வக்காலத்து வாங்குகிறாய். உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் படுக்கட்டும். கால் நொண்டியானவன் பந்தயத்தில் ஓடினால் பார்க்கிறவன் என்ன பாவம் பண்ணினான்?

சந்தோஷமான சேதி சொல்கிறேன். நான் பண்ணுவதை நசீர் அகமது ஃபோனில் எடுத்துப் போட்டுவிட்டான். "பொணம் பேசினா எப்படி இருக்கும், ஆம்பூர் எலியாஸ்" என்று தலைப்பு. முதல் நாளே ஊரெல்லாம் பார்த்துவிட்டது. ரெண்டாம் நாள் வேலூர். வாணியம்பாடி பஸ்ஸில் ஒரு சின்னப் பையன் என்னைப் பார்த்து "அங்கிள், ஒரு வாட்டி பண்ணுங்க" என்றான். பஸ்ஸிலேயே பண்ணினேன். கண்டக்டர் டிக்கெட் வாங்கவில்லை.

அதோடு விடவில்லை. டிவி கம்பெனிக்கு மனு ஒன்று எழுதியிருக்கிறோம். எழுதினது நசீர், சொன்னது நான். "அந்தத் தகர டப்பாவை எடுத்துவிட்டு எங்கள் ஊர் மகள் ஃபீபியின் குரலைத் திரும்பக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ஆம்பூர் டிவியை அணைத்துவிடும்" என்று. ரெண்டு ஷிப்ட்டும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நம் சபையில் ஆராதனை முடிந்து வாசலில் நின்று வாங்கினேன். சவுரியம்மாள் டீச்சர் கண்ணாடி போட்டு முழுசாகப் படித்து, நாலு எழுத்துப் பிழை திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். சுகரா பேகம் மட்டும் போடவில்லை. "யாரோ ஒருத்தி சோத்துல நான் கை வைக்கமாட்டேன்" என்றது. அந்தம்மாவும் உன் கட்சிதான்.

உன் பொருத்தனை முடிந்ததும் உன் நாற்காலி உனக்காகக் காலியாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனையும். அண்ணன் இருக்கிறேன், பயப்படாதே.

எலியாஸ்


சாலிகிராமம்
3 செப்டம்பர் 2023

அண்ணாவுக்கு,

சுகம்.

அந்த மனுவை அனுப்பாதே. அனுப்பிவிட்டால் என் பேரையாவது அதிலிருந்து எடுத்துவிடச் சொல்லி இன்னொரு கடிதம் போடு.

நீ பண்ணிய வீடியோ இங்கே ஸ்டுடியோவில் எல்லாருக்கும் வந்துவிட்டது. டீ கொண்டுவருகிறவர்கூட அதைச் செய்து காட்டுகிறார். அந்தப் பெண் ரெக்கார்டிங் அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தாள். அந்தப் பக்கம் அவர்கள் சிரிப்பது அவளுக்குக் கேட்கவில்லை, தெரிந்தது மட்டும்தான். பிறகு அவளுக்கு அன்றைய ஒரு மணி நேரமும் வரவில்லை.

உனக்கு இது விளையாட்டு என்று எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்லை. அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்.

ஃபீபி


ஆம்பூர்
9 அக்டோபர் 2023

வெற்றி வீராங்கனை ஃபீபிக்கு அண்ணனின் ஆயிரம் முத்தம்!

சுகத்தை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜெயித்துவிட்டோம்! மனுவை உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் பேரோடுதான். உன் பேர் இல்லாமல் அந்த மனுவில் வேறு என்ன இருக்கிறது?

போன ஞாயிறு டிவியில் கீழே எழுத்து ஓடியது, ரசிகர்கள் விருப்பப்படி ஹெலனுக்குப் புதிய குரல் என்று. அது ஓடின வேகத்துக்கு ஜெயபுஷ்பம்தான் படித்துச் சொன்னாள். தெருவில் பட்டாசு வெடித்தோம். நசீர் ஒரு சரம் பத்த வைத்தான், எதிர் வீட்டு ராமலிங்கம் பாட்டரி ஆட்டோவுக்குள் ஒரு வெடி போய் விழுந்து அது தனிச் சண்டை.

நீதான் பேசப்போகிறாய் என்று உட்கார்ந்திருந்தோம். பேசினது யாரோ சின்னப் பெண். தேன் மாதிரி குரல். உன் பொருத்தனை முடியாததால் இந்தக் குட்டியைப் போட்டிருக்கிறார்கள் போல. உண்மையைச் சொல்லட்டுமா, கோபப்படாதே, உன்னைவிட நன்றாகவே பேசுகிறாள். கம்பெனியில் இப்போது உன்னைக்கூடக் கேட்பதில்லை. "ஹெலனோட அண்ணன்" போய் "பொணக் குரல் எலியாஸ்" ஆகிவிட்டேன். பரவாயில்லை, பதவி உயர்வுதான்.

சுகரா பேகம் சீரியல் பார்ப்பதை நிறுத்திவிட்டது. ஏன் என்று கேட்டேன். "அந்தப் புதுப் பொண்ணு பயப்படவே மாட்டேங்குதுய்யா" என்றது. பைத்தியம்.

இன்னொன்று. நம் சபை கிறிஸ்துமஸ் மரம் நிகழ்ச்சிக்கு நீ வருகிறாய், மேடையில் ஹெலனாகப் பேசுகிறாய் என்று பாஸ்டர் ஐயரிடம் சொல்லிவிட்டேன். நோட்டீசிலும் போட்டாகிவிட்டது. பொருத்தனை எல்லாம் ஒரு வரிக்கு ஆண்டவர் கண்டுகொள்ள மாட்டார். வேலூர் லாங் பஜாரில் புதிய மைக் வாங்கிவிட்டு வந்திருக்கிறோம், பெரியது. நீ மெதுவாகப் பேசினாலும் பாலாறு அக்கரைக்குக் கேட்கும்.

எலியாஸ்


ஆம்பூர்
13 நவம்பர் 2023

அன்புத் தங்கைக்கு,

சுகமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. நேற்று தீபாவளிக்கு ராமலிங்கம் வீட்டில் அதிரசம் கொடுத்தார்கள், பாட்டரி ஆட்டோவை மறந்துவிட்டார்.

புதுப் பெண் உன்னைவிட நன்றாகப் பேசுகிறாள் என்று எழுதியதற்குக் கோபமா? அண்ணன் விளையாட்டுக்குச் சொன்னேன். பேசாமல் இருக்கப் பொருத்தனை செய்தாய், எழுதாமல் இருக்கவும் சேர்த்துச் செய்துவிட்டாயா?

கடைசி எபிசோடில் ஹெலன் செத்தாள். தனியாக ஆற்றங்கரையில் உட்கார்ந்து, எல்லாரையும் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு. அவள் அந்த வரியைச் சொல்லும்போது என் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். பாட்டு மாதிரி அழகாகச் சொன்னாள் அந்தப் பெண். நசீர் கைதட்டினான். எனக்கு ஏனோ ஒன்றும் ஆகவில்லை. சாவு மாதிரியே இல்லை. சரி, சீரியல் முடிந்தது, சனியன் விட்டது.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி டிசம்பர் 23. நீ பதில் போடாவிட்டால் நானே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். ஆண்டவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எலியாஸ்


சாலிகிராமம்
25 நவம்பர் 2023

அண்ணாவுக்கு,

சுகம்.

என்னால் வர முடியாது. நோட்டீசை மாற்றச் சொல். நீயும் வராதே.

ஃபீபி


ஆம்பூர்
8 ஜனவரி 2024

அன்புள்ள தங்கை ஃபீபிக்கு அண்ணன் எலியாஸ் எழுதிக்கொள்வது.

நாங்கள் அனைவரும் நலம். நீயும் ஜாஸ்மினும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். புத்தாண்டு வாழ்த்துக்கள். ஜெயபுஷ்பமும் வாழ்த்துச் சொல்லச் சொன்னாள்.

டிசம்பரில் உன்னை அழைத்துவர வருவதாக எழுதியிருந்தேன். வர முடியவில்லை. கம்பெனியில் ஏற்றுமதி அவசரம், லீவு கொடுக்கவில்லை. அதனால் சென்னைக்கு வரவே இல்லை.

மரம் நிகழ்ச்சியில் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உனக்குப் பதிலாக என்னை மேடையேறச் சொன்னார்கள், பொணக் குரல் பண்ணச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். "இன்னா எலியாஸு, ஜனம் கேக்குது, பிகு பண்றே?" என்று நசீர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பண்ணினேன். முன்னே மாதிரி சிரிப்பு வரவில்லை. முன் வரிசையில் பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள்.

கம்பெனியிலும் தினம் கேட்கிறார்கள். பண்ணுகிறேன். திடீரென்று நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சுகரா பேகம் உன்னை விசாரித்தது. உன் வந்தனத்தை நான் ஆகஸ்டிலேயே சொல்லியிருக்க வேண்டும், போன வாரம்தான் சொன்னேன்.

தொண்டைக்கு மிளகுப் பால் நல்லது என்று உன் அண்ணி சொல்கிறாள். பொதுவாகச் சொன்னாள், குளிர்காலம் என்பதால்.

இப்படிக்கு,
எலியாஸ்


சாலிகிராமம்
21 ஜனவரி 2024

அன்பு அண்ணாவுக்கு ஃபீபி எழுதிக்கொள்வது.

உனக்கும் அண்ணிக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள். மிளகுப் பால் குடித்துப் பார்த்தேன், விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது. சொன்னதற்கு நன்றி என்று அண்ணியிடம் சொல்.

நீ சென்னைக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி.

என் வீட்டுக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடித் துளை இருக்கிறது. அதில் பார்த்தால் வெளியே நிற்கிறவர்களின் மூக்கு பெரிதாகவும் உடம்பு சின்னதாகவும் தெரியும், யாராக இருந்தாலும் சிரிப்பு வரும். டிசம்பரில் ஒருநாள் மணி அடித்தது. ஜாஸ்மின் என்று நினைத்து, யோசிக்காமல் "யாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் துளையில் பார்த்தேன். உன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. நீ கையைத் தூக்கித் தட்டப்போனாய், பிறகு இறக்கிக்கொண்டாய். நான் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தேன். திறக்கவில்லை. நீ மாடிப்படியில் இறங்கும் சத்தம் கீழ் வரைக்கும் கேட்டது. முழங்காலுக்கு வைத்தியம் பார்.

உன் மனுவை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "மேடம், உங்களை எடுத்துட்டு உங்களையே போடச் சொல்றாங்க" என்று ஸ்டுடியோ மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தம் வராததால் அவருக்குத் தெரியவில்லை. அவர் நல்லவர்தான், கடைசி ஆறு எபிசோட் வரும் வரை என்னை வைத்திருந்தார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை, டிவி கம்பெனி கேட்கவில்லை.

பிப்ரவரி பன்னிரண்டு ஆபரேஷன். இந்தத் தடவை சுரண்ட மாட்டார்கள், குரல்வளையை முழுவதும் எடுத்துவிடுவார்கள். கழுத்தில் துளை வைத்து மூச்சு விட வேண்டும். ஆக என் பொருத்தனை பொய்யாகாது.

நீ வர வேண்டாம். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஆம்பூரில் இருக்கிறவர்களுக்குப் பத்து சீசன் ஹெலன் நான், பதினோராவது யாரோ ஒருத்தி. அது அப்படியே இருக்கட்டும். அதனால் நீ நிறுத்தாதே. நிறுத்தினால் கேட்பார்கள் என்று நீ எழுதியது சரிதான்.

ஆனால் சிரிப்பு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். காரணம் எனக்குத் தெரியும். உன் வீடியோவை நிறைய தடவை பார்த்திருக்கிறேன். நீ எடுத்த எடுப்பிலேயே "திரும்பி" என்பதில் குரலை உடைக்கிறாய். அவளுக்கு அங்கே உடையாது. அதுவரை நன்றாகத்தான் வரும், இன்றைக்கு முழுவதும் வந்துவிடும் என்று அவளே நம்பிவிடுவாள். "பார்க்காதீங்க" என்பதில் பாதியில்தான் போகும். போனதும் வெறும் காற்று. அந்தக் காற்று யாருக்கும் தெரியக்கூடாது என்று "நடங்க" என்பதை அவசர அவசரமாகப் பின்னால் தள்ளுவாள். அந்த அவசரத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. நீ அதை விட்டுவிட்டாய்.

கண்ணாடி முன்னால் நின்று பழகு. பண்ணினால் சரியாகப் பண்ணு.

அண்ணியையும் சுகரா பேகத்தையும் கேட்டதாகச் சொல்.

ஃபீபி